மேல்தளம் போடும் முன் நிலவறைச் சுவரைச் சுற்றி மண் நிரப்பலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: எட்டடி ஆழத்தில் நிலவறை வைத்து வீடு கட்டுகிறீர்கள், அதன் கான்கிரீட் சுவர்களை வார்த்துப் பத்து நாள் ஆகிறது, நிலவறைக்கு மேலான தளம் போட இன்னும் ஒரு மாதம் பிடிக்கும், மழை வருவதற்குள், சுவரைச் சுற்றியுள்ள பள்ளத்தை, அங்கே தோண்டிய களிமண்ணையே கொண்டு, பொக்லைன் வைத்து ஒரே நாளில் மூடிவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்கிறார், மூடலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். மழையைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. அதற்கு வேறு வழிகள் உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் மேல்தளம் இல்லாத நிலவறைச் சுவரின் மீது முழு உயரத்துக்கு மண்ணைச் சாய்ப்பது, வீடு கட்டும் வேலையில் ஒரே நாளில் செய்துவிடக்கூடிய மிகப் பெரிய தவறுகளில் ஒன்று. நன்றாக வார்த்த, விரிசல் ஏதுமற்ற சுவர்கூட அந்த ஒரு நாளில் உள்நோக்கிச் சாய்ந்துவிடலாம்.

நிலவறைச் சுவரைப் பார்க்கும்போது அது தன் பலத்தில் தானே நிற்பதாகத் தோன்றும். உண்மையில் அது அப்படி நிற்பதற்காக வடிவமைக்கப்பட்டதன்று. அடியில் நிலவறையின் தரைத்தளமும், உச்சியில் மேல்தளமும் இரு கைகளைப் போல அதைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, இடையில் மண் தள்ளும் தள்ளலைச் சுவர் ஏற்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் பொறியாளர் போட்டிருக்கும் கணக்கு. அப்படித் தாங்கப்பட்ட சுவர் நடுவில் உள்நோக்கி வளையப் பார்க்கும். இழுவிசை சுவரின் உட்புறத்தில் உண்டாகும். ஆகவே முக்கியமான கம்பிகளை உட்புற முகத்தை ஒட்டியே வைத்திருப்பார்கள். மேல்தளம் இல்லாதபோது மண்ணை நிரப்பினால் கதையே மாறிவிடுகிறது. உச்சியில் பிடிப்பில்லாத சுவர் அடியில் மட்டும் ஊன்றி நிற்கிறது. இழுவிசை சுவரின் அடிப்பாகத்தில், அதுவும் மண் இருக்கும் வெளிப்புற முகத்தில் உண்டாகிறது. கம்பி இருப்பது ஒரு பக்கம், கம்பி தேவைப்படுவது மறுபக்கம். அதோடு, அதே அளவு மண்ணுக்கு, இரு முனையும் தாங்கப்பட்ட சுவரில் உண்டாகும் வளைவு விசையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் இந்தத் தனிச்சுவரின் அடியில் உண்டாகிறது. செங்கல்லோ கான்கிரீட் பிளாக்கோ வைத்துக் கம்பியில்லாமல் கட்டிய சுவராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்தக் கட்டுக்கு இழுவிசையைத் தாங்கும் திறன் ஏறக்குறைய இல்லை என்றே கொள்ள வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. உங்கள் பொறியாளர் அந்தச் சுவரைத் தனித்து நிற்கும் மண் தாங்கு சுவராகவே கணக்கிட்டு, வெளிப்புற முகத்தில் செங்குத்துக் கம்பிகளை நெருக்கமாகக் கொடுத்து, சுவர் உட்காரும் அடிப்பாதத்தையும் அகலமாக வைத்திருந்தால், மேல்தளத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. வரைபடத்தில் கம்பி எந்த முகத்தில் இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அதன் பிறகு அவரிடம் ‘மேல்தளம் இல்லாமல் எத்தனை அடி வரை மண் நிரப்பலாம்?’ என்று நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்கான விடை ஒப்பந்தக்காரரிடம் இருக்காது. அவர் அனுபவசாலியாக இருக்கலாம், ஆனால் அந்தச் சுவரின் கணக்கை அவர் போடவில்லை.

மண் தள்ளும் தள்ளல் எவ்வளவு இருக்கும் என்பதை எண்ணில் பார்த்தால்தான் இந்த எச்சரிக்கையின் காரணம் விளங்கும். மண்ணின் பக்கவாட்டு அழுத்தம் ஆழம் கூடக் கூடக் கூடுகிறது. எனவே மொத்த விசை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. உயரம் இரண்டு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்கு. தனித்து நிற்கும் சுவரின் அடியில் உண்டாகும் வளைவு விசையோ எட்டு மடங்கு. எட்டடி, அதாவது ஏறக்குறைய 2.4 மீட்டர் உயரத்துக்கு, தண்ணீர் தேங்காத சரளை மண்ணை நிரப்பினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுமார் 1.4 டன் தள்ளல் இருக்கும். அதே இடத்தில் களிமண்ணை நிரப்பினால் 2.7 டன் அளவுக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். சரளையே ஆனாலும் வடிகால் இல்லாமல் மேல்வரை தண்ணீர் நின்றுவிட்டால், மண்ணின் தள்ளலோடு நீரின் அழுத்தமும் சேர்ந்து 3.5 டன் அளவுக்குப் போய்விடும். பத்து மீட்டர் நீளமுள்ள சுவர் என்றால் 35 டன். உங்கள் ஒப்பந்தக்காரர் முன்மொழிவதில் களிமண்ணும் இருக்கிறது, மழையும் வரப்போகிறது, மேல்தளமும் இல்லை. மூன்று கேடுகளும் ஒன்றாகச் சேர்கின்றன.

சுவரின் வயதையும் கவனியுங்கள். சாதாரண சிமெண்ட் கான்கிரீட், தண்ணீர் விட்டு நன்றாக ஈரம் காத்திருந்தால், ஏழு நாளில் தன் 28 நாள் வலிமையில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி அடையும். பத்து நாள் சுவர் இன்னும் முழு வலிமைக்கு வரவில்லை. ஆனால் வயது மட்டும் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். 28 நாள் ஆன சுவரும் உச்சியில் பிடிப்பில்லாமல் இருந்தால் அதே ஆபத்தில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் வீட்டுக் கட்டுமான விதித்தொகுப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது: சுவர் போதிய வலிமை பெற்று, மேல்தளத்தோடு பிணைக்கப்படும் வரையிலோ, மண்ணின் தள்ளலால் சேதமடையாதபடி முட்டுக் கொடுக்கப்படும் வரையிலோ, சுவரை ஒட்டி மண் நிரப்பக் கூடாது. நான்கடிக்குக் குறைவான மண்ணைத் தாங்கும் சுவர்களுக்கு மட்டும் முட்டு வேண்டியதில்லை என்று விலக்களிக்கிறது. உலகில் எங்கே கட்டினாலும் இந்த அளவு ஒரு நல்ல வழிகாட்டி என்பது என் கருத்து. எட்டடிச் சுவருக்கு நான்கடி மண் என்றால் தள்ளல் நாலில் ஒரு பங்காகவும், அடியில் வளைவு விசை எட்டில் ஒரு பங்காகவும் குறைந்துவிடுகிறது என்ற கணக்கை நினைத்தாலே அந்த விலக்கின் பொருள் புரியும். எனவே பொறியாளர் ஒப்புக்கொண்டால், முழுதும் மூடாமல், முதல் மூன்று நான்கடியை மட்டும் இப்போதே முறையாக நிரப்பிக்கொள்ளலாம். அப்போதும் நிலவறையின் தரைத்தளம் உள்ளே முதலில் போடப்பட்டிருக்க வேண்டும். சுவரின் அடி உள்நோக்கி நழுவாமல் தடுப்பது அதுதான்.

இனி மழை. திறந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்குவது நல்லதன்று. அடிப்பாதத்தின் கீழ் மண் இளகும். பள்ளத்தின் கரைகள் சரியும். தரைத்தளத்துக்குக் கீழே நீர் புகுந்து அதை மேல்நோக்கித் தூக்கும். கடைசியாகச் சொன்னதைப் பலர் நம்புவதில்லை. தளத்தின் அடியிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 1 டன் மேல்நோக்கிய விசை உண்டாகிறது. 15 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளத்தின் சொந்த எடை அதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மேலே வீட்டின் பாரம் ஏறாத நிலையில் இது தளத்தை வெடிக்க வைக்கும். ஆகவே பள்ளத்தின் விளிம்பைச் சுற்றிச் சிறு வரப்பு எழுப்பி, மேற்பரப்பு நீர் உள்ளே இறங்காமல் திருப்பிவிடுங்கள். பள்ளத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு சேகரிப்புக் குழி வெட்டி, மோட்டார் ஒன்றை எப்போதும் தயாராக வையுங்கள். பள்ளத்தின் கரைகளைத் தார்ப்பாயால் மூடுங்கள். பெருமழை பெய்து மோட்டாரும் கைவிட்டுவிட்டால், நிலவறைக்குள் தண்ணீர் புகுவதைத் தடுக்கப் போராட வேண்டாம். உள்ளே நிற்கும் தண்ணீர் வெளியே நிற்கும் தண்ணீரை ஈடுகட்டும். சேற்றைப் பிறகு கழுவிக்கொள்ளலாம், தூக்கப்பட்ட தளத்தை மீண்டும் அமர வைக்க முடியாது.

முட்டுக் கொடுத்து மண் நிரப்பலாமே என்று கேட்பீர்கள். கொடுக்கலாம், ஆனால் ஒப்புக்குக் கொடுக்கும் முட்டு எந்த முட்டும் இல்லாததைவிட ஆபத்தானது; அதை நம்பி ஆட்கள் உள்ளே நடமாடுவார்கள். முழு உயரத்துக்கு மண் நிரப்பினால் மொத்தத் தள்ளலில் மூன்றில் ஒரு பங்கை உச்சிப்பிடிப்பு ஏற்க வேண்டும். மேலே சொன்ன களிமண் கணக்கில் அது மீட்டருக்கு 0.9 டன். இரண்டு மீட்டருக்கு ஒரு சாய்முட்டு என்று வைத்தால், ஒவ்வொன்றும் கிடைமட்டமாக மட்டுமே ஏறக்குறைய 1.8 டன் தாங்க வேண்டும். சாய்ந்து நிற்பதால் முட்டுக்கட்டையில் விழும் விசை இன்னும் கூடும். அதன் அடி தரையில் வழுக்காதபடி கான்கிரீட்டில் பதிந்திருக்க வேண்டும். சாரத்துக் கம்புகளை நாலைந்து இடத்தில் சாய்த்து வைப்பதால் இந்த வேலை நடக்காது. எனவே முட்டையும் பொறியாளர்தான் கணக்கிட வேண்டும். என்னைக் கேட்டால், முட்டுக்குச் செலவிடும் பணத்தையும் நாளையும் மேல்தளத்தைச் சற்று முன்னதாகப் போடுவதற்குச் செலவிடுவதே மேல்.

மேல்தளம் போட்ட பிறகும் ஓரிடத்தை மட்டும் தனியாகப் பாருங்கள். நிலவறைக்கு இறங்கும் மாடிப்படி, வெளிச்சுவரை ஒட்டி அமைந்திருந்தால், அந்தத் திறப்பின் நீளத்துக்குச் சுவரின் உச்சியைத் தளம் பிடித்துக்கொள்ளவில்லை. வரைபடத்தில் அங்கே கூடுதல் கம்பியோ, உச்சியில் கிடைமட்ட பீமோ இருக்கிறதா என்று கேளுங்கள். பல வீடுகளில் விரிசல் தொடங்கும் இடம் அதுதான்.

சுவர் தயாரான பின், மண் கொட்டும் முன் முடிக்க வேண்டிய வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளத்தில் கிடக்கும் சென்ட்ரிங் பலகைத் துண்டு, சிமெண்ட் சாக்கு, மரக்கட்டை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். மட்கும் பொருள் மட்கிய இடத்தில் வெற்றிடம் உண்டாகும், மரம் கறையானை வரவழைக்கும். சுவரின் வெளிப்புறத்தில் நீர்க்காப்புப் பூச்சோ விரிப்போ முடிந்து நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். அதன்மேல் காப்புப் பலகையோ வடிகால் விரிப்போ பதித்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் வண்டி மண்ணிலேயே ஒரு கூர்ங்கல் அதைக் கிழித்துவிடும். கிழிந்தது யாருக்கும் தெரியாது, பிற்பாடு ஒழுகும்போதுதான் தெரியும்.

வடிகாலைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. துளையிட்ட 100 மில்லிமீட்டர் குழாயை, அடிப்பாதத்தை ஒட்டி, நிலவறைத் தரையின் மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி வீட்டைச் சுற்றிப் பதிக்க வேண்டும். தரைக்கு மேலே பதித்த குழாய், தண்ணீர் தரைக்கு வந்த பிறகுதான் அதை வாங்கிக்கொள்ளும், அதனால் பயனில்லை. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவில் சரிவு கொடுங்கள். குழாயைச் சுற்றிலும் கழுவிய ஜல்லி போட்டு, முழுவதையும் வடிதுணியால் சுற்றுங்கள். துணி இல்லாவிட்டால் நுண்மண் ஜல்லிக்குள் இறங்கி சில ஆண்டுகளில் அடைத்துவிடும். குழாயின் மறுமுனை எங்கே போய்த் திறக்கிறது என்பதுதான் மிக முக்கியம். தாழ்வான நிலம் இருந்தால் அங்கே கொண்டுபோய் விடலாம்; இல்லாவிட்டால் மோட்டார் வைத்த சேகரிப்புக் குழிக்கு. முடிவே இல்லாத வடிகால், சுவரைச் சுற்றித் தண்ணீரைச் சேமித்து வைக்கும் தொட்டியாகிவிடுகிறது. கூரைத் தண்ணீரை ஒருபோதும் இந்தக் குழாயில் இணைக்காதீர்கள்.

எந்த மண் நல்லது என்றால், சுவரை ஒட்டி ஓரடி இரண்டடி அகலத்துக்காவது தண்ணீரை எளிதில் வடியவிடும் சரளையோ பருமணலோ இருப்பது சிறந்தது. தோண்டிய மண் களிமண்ணாக இருந்தால், அதிலும் கரிசல் போல ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும் மண்ணாக இருந்தால், சுவர் அருகே அது வேண்டவே வேண்டாம். உப்பும்போது அது தரும் அழுத்தம் மேலே சொன்ன கணக்குக்குள் அடங்காது. வேரும் இலையும் கலந்த மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கித் தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கைமுட்டி அளவு பெரிய கல், செங்கல் இடிபாடு, உறைந்த மண்கட்டி எதையும் போடக் கூடாது.

நிரப்பும் முறையில் அவசரத்துக்கு இடமில்லை. மூலைகளிலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் இரு சுவர்கள் ஒன்றையொன்று தாங்கும் மூலை வலுவானது. நீண்ட சுவரின் நடுப்பகுதிதான் மெலிந்தது. ஒரு பக்கத்தை முழுதும் மூடிவிட்டு மறுபக்கம் போகாமல், வீட்டைச் சுற்றிச் சுற்றி ஒரே மட்டமாக ஏறிக்கொண்டு வாருங்கள். இருபது சென்டிமீட்டருக்கு ஒரு கோடு வீதம் சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிட்டால், ஒவ்வொரு அடுக்கையும் கோடு பார்த்துப் பரப்பி, திமிசு கொண்டோ சிறிய அதிர்வுத் தட்டு இயந்திரம் கொண்டோ இறுக்கிய பிறகே அடுத்த அடுக்கைப் போட முடியும். மேற்பார்வை இல்லாத நேரத்திலும் அந்தக் கோடு வேலை வாங்கும். மண்ணின் ஈரம் சரியாக இருக்க வேண்டும். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், கீழே போட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும், உள்ளங்கை நனையக் கூடாது. குறிப்பிட்ட ஒரு ஈரத்தில்தான் மண் மிக அடர்த்தியாக இறுகும் என்பதை 1933இல் பிராக்டர் என்ற பொறியாளர் சோதனையால் காட்டினார்; அவர் பெயரால் வழங்கும் அந்தச் சோதனையின் உச்ச அடர்த்தியில் 95 விழுக்காட்டை எட்டுவது, மேலே நடைபாதையோ படிக்கட்டோ வரப்போகும் இடங்களில் வழக்கமான இலக்கு.

தண்ணீர் விட்டு மண்ணை அமர வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தூய மணலில், தண்ணீர் உடனே வடிந்துபோகும் இடத்தில், அது ஓரளவு பயன்படும். நிலவறைச் சுவர் ஓரத்தில், அதுவும் களி கலந்த மண்ணில் அதைச் செய்தால், மண் குழம்பாகி, தண்ணீரைவிடக் கனமான ஒரு திரவமாகச் சுவரைத் தள்ளும். எந்த நிலையிலும் இதை அனுமதிக்காதீர்கள்.

பொக்லைன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது நிற்கும் இடம்தான் கேள்வி. சுவரின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தொலைவுக்குள் கனமான வண்டி எதுவும் வரக் கூடாது என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் எடை மண் வழியாகப் பக்கவாட்டில் பரவிச் சுவரில்தான் வந்து முட்டும். வாளியில் அள்ளிய மண்ணைத் தொலைவில் நின்று மெதுவாக இறக்கி, மீதியை மண்வெட்டியால் பரப்ப வேண்டும். கரையிலிருந்து மொத்தமாகச் சுவரை நோக்கித் தள்ளிவிடக் கூடாது. சுவரிலிருந்து ஒரு மீட்டருக்குள் கைத்திமிசோ இலேசான தட்டு இயந்திரமோ மட்டும் போதும். அங்கே உருளையை ஓட்டினால் அளவுக்கு மீறிய அழுத்தம் மண்ணுக்குள்ளேயே தங்கி, அதை எடுத்த பின்னும் சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இதே விதி பின்னால் வரும் கான்கிரீட் லாரிக்கும் தண்ணீர் லாரிக்கும் பொருந்தும். மண் நிரப்பும் நாளில் கவனமாக இருந்துவிட்டு, இரண்டு மாதம் கழித்துச் சுவரோரம் லாரியை நிறுத்தி விரிசலை வாங்கிக்கொண்ட வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

ஆட்களின் பாதுகாப்பைப் பற்றிக் கேள்வியில் நீங்கள் ஏதும் குறிப்பிடவில்லை. ஆனால் எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது. சுவருக்கும் வெட்டிய கரைக்கும் இடையிலுள்ள அந்தக் குறுகிய பள்ளம், வீடு கட்டும் இடத்திலேயே மிக ஆபத்தான இடம். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ளது. கழுத்துவரை புதைய வேண்டியதில்லை, மார்புவரை புதைந்தாலே மூச்சு விட முடியாது. ஐந்தடிக்கு மேல் ஆழமுள்ள பள்ளத்தில், கரையைச் சரிவாக வெட்டாமலோ தடுப்புப் பலகை கொடுக்காமலோ யாரையும் இறக்காதீர்கள். தோண்டிய மண்குவியல் விளிம்பிலிருந்து இரண்டடியாவது தள்ளியிருக்கட்டும். ஏறி வர ஏணி எப்போதும் உள்ளே இருக்க வேண்டும். மண் கொட்டும் நேரத்தில் பள்ளத்துக்குள்ளும், சுவரின் மறுபக்கம் நிலவறைக்குள்ளும் ஒருவரும் இருக்கக் கூடாது. கொட்டி முடித்து இயந்திரம் நின்ற பிறகே இறுக்குபவர்கள் இறங்க வேண்டும். மழை பெய்த மறுநாள் கரைகளில் விளிம்புக்கு இணையாக ஓடும் வெடிப்புகள் தெரிந்தால், அன்றைக்கு அந்தப் பக்கம் வேலையே வேண்டாம்.

நிரப்பத் தொடங்கும் முன், நிலவறைக்குள் சுவரின் உச்சியை ஒட்டி மூலைக்கு மூலை ஒரு நூலை இறுக்கிக் கட்டி, நடுவில் நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள். அடுக்குக்கு அடுக்கு, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மறுபடி அளந்து பாருங்கள். சில மில்லிமீட்டர் மாறினால்கூட வேலையை நிறுத்திப் பொறியாளரை அழைக்க வேண்டும். மாற்றம் கூடிக்கொண்டே போனால் யாரும் உள்ளே போகாமல், வெளியிலிருந்தே மண்ணைத் திரும்ப அள்ளிவிட வேண்டும்.

நிலவறையில்லாமல், தூண்களின் அடிப்பாதமும் அவற்றை இணைக்கும் பீமும் மட்டுமே உள்ள வீடானால் இத்தனை கவலை இல்லை. பீமின் இரு பக்கமும் மாற்றி மாற்றி, ஓரடிக்கு மேல் மட்ட வேறுபாடு வராமல் நிரப்பி, அடுக்கடுக்காக இறுக்கினால் போதும்.

உச்சியில் கடைசி ஓரடிக்கு மட்டும் களி கலந்த மண்ணைப் போட்டு இறுக்கி மூடுங்கள். கீழே வேண்டாம் என்று ஒதுக்கிய அதே மண் இங்கே நீர் இறங்காத மூடியாகப் பயன்படும். வீட்டிலிருந்து வெளிநோக்கி முதல் மூன்று மீட்டரில் 15 சென்டிமீட்டராவது தாழும்படி சரிவு கொடுங்கள். கூரைக் குழாய்களின் வாயை இந்தச் சரிவுக்கு அப்பால் கொண்டுபோய்த் திறக்க வேண்டும். எவ்வளவு இறுக்கினாலும் நிரப்பிய மண் கொஞ்சம் அமரும்; எனவே நிரப்பு மண்ணைக் கடந்து போகும் கழிவுநீர்க் குழாயின் கீழ் மண்ணைத் தனிக்கவனத்தோடு இறுக்கி, இணைப்பில் சற்று நெகிழ்வு வைத்துவிடுங்கள். வாசற்படியையும் ஓடு பதித்த நடைபாதையையும் ஒரு மழைக்காலம் கழியும் வரை தள்ளிப்போட்டு, அமர்ந்த இடங்களில் மண்ணைச் சேர்த்துச் சரிவைத் திருத்திய பிறகு கட்டிக்கொள்ளுங்கள்.